கப்பலேறியவர்கள் எழுதிய மொய்க் கணக்கு

போன எபிசோடுக்கு வந்த மெயில்களில் ஒன்று இந்த வாரத் திட்டத்தையே மாற்றிவிட்டது. எழுதியவர் தாராபுரத்துப் பெண். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, மேல்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டது இதுதான்: "போன உடனே அங்க இருக்கற தமிழ்ச் சங்கத்துல சேர்ந்துக்கோ கண்ணுன்னு அம்மா சொல்றாங்க. அங்கயும் போய் நம்மாளுங்க கூடவே பொங்கல் வெக்கறதுக்கு எதுக்கு இத்தனை லட்சம் லோன் போட்டுப் போகணும்னு அண்ணன் கேக்கறான். ரெண்டு பேர்ல யார் சொல்றது சரிங்க?"

நல்ல கேள்வி. இதற்கு அம்மா சொன்னது சரி, அண்ணன் சொன்னது தப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இது வரலாறு பேசுற நிகழ்ச்சி இல்லையா? இந்தக் கேள்வியை நம்மவர்கள் நூற்று முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடல் தாண்டிப் போன இடத்தில் சங்கம் வைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று கணக்குப் பார்த்துவிட்டு, கடைசியில் அவருக்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. தாராபுரம் அமராவதி ஆற்றங்கரை ஊர். 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, கம்பெனி ஆட்சி கோயம்புத்தூர் பகுதியை இரண்டு மாவட்டமாகப் பிரித்தபோது, வடக்குக்கு பவானி தலைமையிடம், தெற்குக்கு தாராபுரம். 1804ல் இரண்டையும் ஒன்றாக்கி கோயம்புத்தூரைத் தலைமையிடம் ஆக்கினார்கள். இன்றைக்குத் தாராபுரம் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒருகாலத்தில் மாவட்டத் தலைநகராக இருந்த ஊருக்கு இன்றும் ரயில் கிடையாது. பஸ் பிடித்துத் திருப்பூரோ ஈரோடோ கோயம்புத்தூரோ போனால்தான் உலகம்.

அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சங்கம் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் மண்டப வாசலில் மேஜை போட்டு ஒருத்தர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார், பார்த்திருப்பீங்க. மொய் நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு. அந்தப் பணம் இனாம் இல்லை. உங்க வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரும். ஒரு வீடு தனியாகத் தாங்க முடியாத செலவை, ஊர் சேர்ந்து தூக்குகிற ஏற்பாடு.

வெளிநாட்டுச் சங்கமும் மொய் மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம். ஊரில் நீங்கள் யாருக்கு மொய் வைத்தீர்களோ அவரே திருப்பி வைப்பார். அங்கே, உங்களுக்கு உதவியவருக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வாய்ப்பே வராமல் போகலாம். அடுத்து வந்து இறங்குகிறவருக்குச் செய்வீர்கள்.

டர்பன், 1894: ரத்தம் வழிய வந்த உறுப்பினர்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860ல் இருந்து இந்தியக் கூலித் தொழிலாளர்கள் கப்பலில் போனார்கள். கரும்புத் தோட்ட வேலை, ஐந்து வருட ஒப்பந்தம். போனவர்களில் பெரும் பகுதி சென்னை மாகாணத்துக்காரர்கள்.

1893ல் ஒரு வழக்கு வேலையாக அங்கே போன மோகன்தாஸ் காந்தி, 1894 ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார். தொடங்கியதும் வந்த முதல் பிரச்சினை என்ன தெரியுமா? சந்தா. மாதம் குறைந்தது ஐந்து ஷில்லிங் என்று வைத்தார்கள். வசதியான வியாபாரிகள் கூடவே கொடுத்தார்கள். ஆனால் மாதாமாதம் வீடு வீடாகப் போய் வசூல் செய்து முடியவில்லை. கடைசியில் வருடச் சந்தாவாக மாற்றினார்கள். சங்கம் நடத்திய யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லுவார்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. அந்தச் சந்தாவைக் கட்டக்கூடியவர்கள் வியாபாரிகளும் குமாஸ்தாக்களும்தான். தோட்டத்தில் வெட்டுகிற கூலித் தொழிலாளி வெளியே நின்றார். அதாவது, யாருக்குச் சங்கம் அதிகம் தேவையோ அவருக்கு உள்ளே இடம் இல்லை.

சங்கம் தொடங்கிச் சில மாதத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். பாலசுந்தரம். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் போனால் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். இந்தியரான காந்தி முன்னாலும் அவர் அப்படியே நின்றார். காந்தி அதைத் திரும்பத் தலையில் கட்டச் சொன்னார். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, மாஜிஸ்டிரேட்டிடம் போய், அவரை அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து வேறு ஒருவரிடம் மாற்றிவிட்டார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு வேலைமாற்றம். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் போனது. நமக்கென்று கேட்க ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்குகிறவர்கள் மீது தலைக்கு 25 பவுண்டு வரி போட நேட்டால் அரசு திட்டமிட்டபோது, அது 3 பவுண்டாக வந்து நின்றது. அந்த மூன்றும் அவர்களுக்குப் பல மாதக் கூலி. அதை எடுத்துப் போட 1914 வரை ஆனது.

அந்த இருபது வருடத்தின் கடைசிக் கட்டத்தில் தமிழர் சங்கம் ஒன்று பெரிய பங்கு வகித்தது. ஜோகன்னஸ்பர்க்கில் தமிழர்கள் வைத்திருந்த உதவிச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் தம்பி நாயுடு, மொரீஷியஸில் பிறந்தவர். அந்த வட்டத்தைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் 1913ல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்த 16 வயதுப் பெண்தான் தில்லையாடி வள்ளியம்மை. அதே வருடம் வரி ரத்தானது.

கங்காணி பிடித்த ஆள்கள்

இப்போது கிழக்கே வருவோம். மலேயா. ரப்பர் தோட்டங்கள்.

இங்கே ஆள் சேர்த்த முறை வேறு. கங்காணி என்று ஒருத்தர். தோட்டத்தில் வேலை செய்கிற நம்ம ஊர் ஆள்தான். அவரை முதலாளி ஊருக்கு அனுப்புவார். அவர் தன் கிராமத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் போய் ஆள் திரட்டுவார். திருச்சி, தஞ்சாவூர், ஆற்காடு, நம்ம பக்கத்துச் சேலம், இப்படிப் பல மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் தங்கிக் கப்பலேறினார்கள். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு.

யோசித்துப் பாருங்க. ஊர்க்காரர், சொந்தக்காரர், தெரிந்த முகம், எல்லாமே அந்த ஒரே ஆள்தான். கடன் கொடுப்பவரும் அவர்தான், வேலை வாங்குபவரும் அவர்தான், துரையிடம் கோள் சொல்பவரும் அவர்தான். "நம்மாளு ஒருத்தர் இருக்கார்" என்பதும் "நமக்கு ஒரு சங்கம் இருக்கு" என்பதும் ஒன்று இல்லை. முதலாவதில் நீங்கள் அவரை நம்பி இருக்கிறீர்கள். இரண்டாவதில் கணக்கு நோட்டைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இன்றைக்கும் ஏஜென்ட்டை நம்பி வெளிநாடு போகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

1930ல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை படுத்துவிட்டது. அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் மலேயாவில் இருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். காடு வெட்டி, மரம் நட்டு, பால் எடுத்தவர்கள். வேண்டாம் என்றதும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். ஏன் என்று கேட்க அவர்களுக்கு யாரும் இல்லை.

ஈரோட்டுக்காரர் போன கப்பல்

அந்த மந்தம் தொடங்குகிற நேரத்தில், 1929 டிசம்பரில், நாகப்பட்டினத்தில் இருந்து கிளம்பிய கப்பல் ஒன்றில் ஈரோட்டுக்காரர் ஒருவர் மனைவியோடு போனார். பெரியார் ஈ.வெ.ராமசாமி, கூடவே நாகம்மையார். பினாங்கில் இறங்கி, ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசி, சிங்கப்பூர் வரை போய், 1930 தொடக்கத்தில் திரும்பினார்கள். சாதி வேண்டாம், மூடப்பழக்கம் வேண்டாம் என்று கொங்கு மண்ணில் பேசிய அதே பேச்சுதான். ஆனால் கேட்டவர்கள் வேறு. ஊரில் இருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்தும், தோட்டத்து லயத்தில் சாதிக்கு ஒரு வரிசை வீடு என்று வாழ்ந்துகொண்டிருந்தவர்கள்.

அந்தப் பயணத்தின் தாக்கம் இருந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன். கோ.சாரங்கபாணி. திருவாரூர்க்காரர். 1903ல் பிறந்தவர், இருபத்தோரு வயதில் சிங்கப்பூர் போனவர். போன காரணம் போராட்டமும் இல்லை, சீர்திருத்தமும் இல்லை. வேலை. ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதினார். நம்ம வீட்டுப் பையன் மாதிரிதான்.

1932ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. அதன் முன்னணியில் சாரங்கபாணி இருந்தார். சாதி கேட்காதே, கள்ளுக்கடைக்குப் போகாதே, பிள்ளையைப் படிக்க வை. இதைச் சொன்னதற்கு நம்ம ஆட்களிடமே நிறைய எதிர்ப்பு. கோயில் சடங்குகள் விஷயத்தில் பெரிய சண்டையே நடந்தது. 1935 ஜூலையில் சங்கத்தின் குரலாகத் 'தமிழ் முரசு' வந்தது. வாரப் பத்திரிகை, விலை ஒரு காசு. பிறகு சாரங்கபாணியே பத்திரிகையைத் தன் பொறுப்பில் எடுத்து நாளிதழாக்கினார். இன்றைக்கும் சிங்கப்பூரில் தமிழ் முரசு வருகிறது. ஒரு சங்கத்தில் முளைத்த பத்திரிகை, தொண்ணூறு வருடம் நிற்கிறது.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

சங்கம் என்றால் பொங்கல், பட்டிமன்றம், குத்துவிளக்கு என்று நினைக்கிறவர்களுக்கு 1941ல் கிள்ளானில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கிள்ளான், கோலாலம்பூருக்கு மேற்கே இருக்கும் வட்டாரம். அங்கே கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டியது. முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஆர்.எச்.நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகைக்காரர். முதல் கோரிக்கை கூலி. நாளுக்கு 50 காசு வாங்கியதை 60 ஆக்கு. சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு. அப்புறம் பட்டியல் நீள்கிறது. தோட்டத்தில் கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். சொந்தக்காரர் பார்க்க வந்தால் தடுக்காதே.

அந்தப் பட்டியலில் ஒன்று இருந்தது. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து.

இதில் காசு கிடையாது. இதை எழுதித் தரத் தனி ஒரு ஆளுக்குத் தைரியம் வந்திருக்காது. நான் மட்டும் இறங்காமல் போனால் நாளைக்கு எனக்கு வேலை இல்லை. ஐந்நூறு பேர் இறங்காமல் போனால் அது கோரிக்கை. நேட்டாலில் தலைப்பாகை, கிள்ளானில் சைக்கிள். இரண்டு இடத்திலும் கூலியோடு சேர்த்து மரியாதையையும் கேட்டார்கள்.

முடிவு இனிமையானது இல்லை. மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் பரவியது. படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் ஜப்பான் படை வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில்பாதை போட, 415 கிலோமீட்டர் காட்டுக்குள், கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். இந்திய சுதந்திர லீக் அப்போது இருந்தது. ஆனால் ஜப்பானியரின் அனுமதியோடு நடந்த அமைப்பால், அவர்கள் ஆள் பிடிப்பதை எப்படித் தடுக்க முடியும்? சங்கம் யார் தயவில் நிற்கிறது என்பதும் முக்கியம்.

ஒரு பள்ளிக்கூடம், ஒரு திருநாள், ஒரு காகிதம்

போர் முடிந்தது. சிங்கப்பூரில் மூன்று விஷயங்கள் நடந்தன. மூன்றுமே சங்கத்தால்தான்.

முதலாவது, பள்ளிக்கூடம். இன்றைய தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் இருந்து போன முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூரில் தங்கள் ஊர் பெயரிலேயே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக். மற்ற பலர் ஆண்கள் மட்டும் போன காலத்தில், இவர்கள் குடும்பத்தோடு போனவர்கள். குடும்பம் போனால் பிள்ளைகள் இருக்கும், பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும். 1946ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1982 வரை நடந்தது. இன்றும் அந்தப் பெயரில் அங்கே தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. ஒரு சின்ன ஊரின் சங்கம், ஒரு நாட்டின் தமிழ்க் கல்விக்கே பெயர் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது, திருநாள். ஊருக்கு ஒன்று, சாதிக்கு ஒன்று, மதத்துக்கு ஒன்று என்று சங்கங்கள் பெருகிக் கிடந்தன. 1951ல் பல சங்கங்கள் சேர்ந்து தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைத்தார்கள். சாரங்கபாணி அதன் முக்கியத் தூண். அடுத்த வருடத்தில் இருந்து பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் கொண்டாடினார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் தமிழர் என்று ஒரே மேடையில். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரப்போகிறது, அதில் சமஸ்கிருதமா தமிழா என்று விவாதம் எழுந்தபோது, இந்த ஒற்றுமை வேலைக்கு வந்தது. தமிழ் வேண்டும் என்று பேசினார்கள். வெறும் பேச்சோடு விடவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயர் வைத்து, பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்கு நிதி திரட்டினார்கள். சாதாரணத் தொழிலாளிகளும் காசு போட்டார்கள். மொய் நோட்டுதான், பல்கலைக்கழக அளவில். துறை 1956ல் தமிழோடு தொடங்கியது.

பல வருடம் கழித்து, அமெரிக்கத் தமிழர்கள் ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டினார்களே, 2018ல் முடிந்ததே, அதைப் புதுசு என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அதற்கு முன்னோடி இது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. குடியுரிமைக் காகிதம். 1957ல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தது. நம்மவர்கள் பலருக்குத் தயக்கம். நான்கு காசு சேர்த்துவிட்டு ஊருக்குப் போகப் போகிறோம், இந்த ஊர்க் குடிமகன் ஆகி என்ன செய்ய? சாரங்கபாணி தன் பத்திரிகையில் விடாமல் சொன்னார்: பதிந்துகொள்ளுங்கள். எந்த மண்ணில் உழைக்கிறீர்களோ அந்த மண்ணில் உரிமை வாங்குங்கள்.

பக்கத்து நாட்டில் நடந்ததைப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும். 1969க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. காகிதம் வாங்காமல் விட்ட பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் சேர்த்து, தெரியாத இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். உடம்பு உழைத்தது, காகிதம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்கம் தோற்ற இடம்

சங்கம் வைத்தால் எல்லாம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. இலங்கையைப் பாருங்க.

மலையகத் தமிழர்களுக்கு 1939ல் இருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் இருந்தது. தொழிலாளர்களைத் திரட்டியது, தேர்தலில் நின்றது, நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியது. அப்படியும் 1948ல் வந்த குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. நன்றாகத் திரண்டிருந்ததே அவர்களைப் பார்த்து மற்றவர்கள் பயப்பட ஒரு காரணமாகவும் ஆனது. 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளும் ஆள்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்படி வந்தவர்களில் பலரை நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பார்க்கலாம். அவர்களுக்காகத்தான் அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது. நம்ம ஊரில் இருந்து நாலைந்து மணி நேரப் பயணம்தான்.

ஆனால் அந்தச் சங்கம் கலைந்துபோகவில்லை. 1950ல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையில் பேரம் பேசியது, வேலைநிறுத்தம் செய்தது, அரசில் சேர்ந்தது. அவரைப் பற்றி விமர்சனம் நிறைய உண்டு, அதுவும் நியாயமே. இருந்தாலும் 1988லும் 2003லும் வந்த சட்டங்களால் மீதமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 1948ல் இருந்து எண்ணினால் 55 வருடம். ஒரு மனிதனால் அவ்வளவு காலம் காத்திருந்து கேட்க முடியாது. இரண்டு மூன்று தலைமுறை தாண்டியும் கேட்கிற வாய் ஒன்று வேண்டும்.

"நீங்க எந்தப் பக்கம்?"

இப்போது அண்ணன் கட்சிக்கு வருவோம். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

கொங்கு நாட்டில் ஒரு கேள்வி வரிசை உண்டு, உங்களுக்கே தெரியும். "எந்த ஊருங்க?" அப்புறம், "ஊர்ல எந்தப் பக்கம்?" அப்புறம், "யாரு வீட்டுப் பையன்?" ஆளுக்கு ஆள் கொஞ்சம் நேரடியாகக் கேட்டால், "என்ன கூட்டம்?" மூன்றாவது கேள்வியிலேயே சாதி தெரிந்துவிடும். இந்தக் கேள்விகளுக்கு விசா தேவையில்லை, அவை நம்மோடயே விமானம் ஏறிவிடும். தமிழ்ச் சங்கம் என்று போர்டு வைத்து, உள்ளே சாதி சங்கம் நடக்கிற இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பாதிப் பேருக்கு முதல் நாளே புரிந்துவிடும், இது நமக்கான கதவு இல்லை என்று. சாரங்கபாணி தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் சண்டை போட்டது இதற்காகத்தான்.

இன்னொன்று, நேட்டால் சந்தாக் கதை. படித்தவர், காசு உள்ளவர், முன்னாடியே வந்தவர் கையில் சங்கம் இருக்கும். புதிதாக வருகிற டிரைவரும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் வெளியே நிற்பார்கள். பெண்கள் என்றால் சமையல் கமிட்டி, ஆண்கள் என்றால் செயற்குழு என்ற பழக்கமும் போகவில்லை.

மூன்றாவது, அண்ணன் சொன்ன அதே விஷயம். நம்ம ஆட்களோடு மட்டும் இருந்தால் புது ஊர் திறக்காது. 1973ல் மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்தால், தகவல் சொன்னது நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள்தான் அதிகம் என்று காட்டினார். காரணம் எளிது. நெருங்கியவனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சவன்தான் புதுசாக ஒன்றைக் கொண்டுவருவான். ஆகவே சங்கத்துக்குள் உங்கள் ஊர்க்காரர் நாலு பேரோடு மட்டும் ஒட்டிக்கொண்டால் லாபம் குறைவு. உங்களுக்குத் தெரியாத வேலை, வயது, ஊர்க்காரர்களிடம் போய்ப் பேசினால்தான் சங்கத்துக்குப் பலன்.

தாராபுரத்துப் பெண்ணுக்கு

இப்போது பதில். சேருங்க. ஆனால் முதல் கூட்டத்திலேயே நான்கு விஷயம் கவனியுங்க. கணக்கு நோட்டை எல்லோர் முன்னும் வாசிக்கிறார்களா? பதவி சுற்றி வருகிறதா, ஒரே ஆள் பதினைந்து வருடமாகத் தலைவரா? நேற்று வந்து இறங்கியவருக்கு, சந்தா கட்டாவிட்டாலும், வாடகை ஒப்பந்தம் படித்துக் காட்டவோ ஆஸ்பத்திரிக்குக் கூட வரவோ ஆள் இருக்கிறதா? அந்த நாட்டு மக்களோடும் மற்ற நாட்டில் இருந்து வந்தவர்களோடும் பேச்சு வார்த்தை உண்டா? நாலுக்கு இரண்டாவது "ஆமாம்" என்றால் உள்ளே போங்க. மீதி இரண்டை மாற்றுகிற வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லை என்றால் வெளியே வந்து, நாலு பேரைச் சேர்த்து வேறு ஒன்று தொடங்குங்க. வரலாற்றில் பல நல்ல சங்கங்கள் அப்படிக் கோபத்தில் பிறந்தவைதான்.

முடிக்கும் முன் ஒன்று. நீங்கள் விமானம் பிடிக்கத் திருப்பூர் வழியாகத்தான் போவீர்கள் என்றால், ஜன்னல் வழியாக ஒரு தடவை பாருங்க. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்தில் இருந்து வந்தவர்கள் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். அவர்களையும் ஒரு ஏஜென்ட் கூட்டி வந்திருப்பார், அவர்களுக்கும் மொழி தெரியாது, வரிசை வீடுகளில்தான் தங்குகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பயந்துபோய் மூட்டையைக் கட்டியவர்கள் உண்டு. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. திருப்பூர் நிர்வாகமும் போலீசும் உதவி எண்கள் கொடுத்து, இந்தியிலேயே பேசி, அது பொய் என்று விளக்க வேண்டி வந்தது.

அந்த ராத்திரி அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்விதான் இருந்திருக்கும்: யாரை நம்பிக் கேட்பது? அவர்களே நம்புகிற, அவர்களே நடத்துகிற ஒரு சங்கம் இருந்திருந்தால், பத்துப் பேர் போன் போட்டு விசாரித்து, ஒரு மணி நேரத்தில் பொய்யைப் பொய் என்று சொல்லியிருப்பார்கள்.

அப்படி ஒரு சங்கத்தை அவர்கள் நாளைக்குத் தாராபுரத்திலோ திருப்பூரிலோ தொடங்கினால், "வந்த இடத்துல இவனுகளுக்கு எதுக்கு சங்கம்?" என்று கேட்பவர்களும் நம்மில் இருப்பார்கள். டர்பனிலும் கிள்ளானிலும் கண்டியிலும் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. நம்ம சங்கக் கதையில் எது நமக்குப் பிடித்ததோ, அதையே அவர்களுக்கும் கொடுக்க முடிகிறதா என்று பார்ப்போம்.

ஜெர்மனி போய்ச் சேர்ந்ததும் அந்தச் சங்கம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்க. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம் சொல்லிவிடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.